மதனுக்கு மாத்திரை கொண்டு போன மாசி மாதம்

பிள்ளைகளே, அப்பா ஆஸ்பத்திரியில் வேலை செய்தேன் என்றதும் ஊசி போடுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். என் வேலை ஆள் தேடுகிற வேலை. கண்டியில் நெஞ்சு நோய் கிளினிக் ஒன்றில் இருந்தேன். காசநோய்க்கு மருந்து எடுக்கத் தொடங்கி, இடையில் நிறுத்திவிட்டவர்களை நாங்கள் 'டிஃபோல்டர்' என்போம். அந்த டிஃபோல்டர் எந்தத் தெருவில், எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் தேடிப் பிடித்து, மறுபடி மாத்திரை விழுங்க வைப்பதுதான் எனக்குச் சம்பளம் தந்த வேலை. எத்தனையோ பேரைத் தேடியிருக்கிறேன். அவர்களில் செல்லையா அண்ணனைத் தேடிப் போன கதையை எழுதுகிறேன். சிரித்துக்கொண்டே வாசிக்கலாம்.

1. ஆளைக் காணோம்

தொண்ணூறுகளின் கடைசிப் பக்கம். ஒரு மாசி மாதம். புசல்லாவைப் பக்கத்து டிஸ்பென்சரியிலிருந்து கிளினிக்குக்கு டெலிபோன் கோல் வந்தது. செல்லையா ஏழு நாளாக மருந்துக்கு வரவில்லையாம்.

அந்தக் காலத்தில் மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்புவதில்லை. நோயாளி தினமும் காலையில் டிஸ்பென்சரிக்கு வர வேண்டும். மருந்து கொடுப்பவரின் கண் முன்னால் விழுங்க வேண்டும். வாயைத் திறந்து காட்டவும் வேண்டும். செல்லையா மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால் இறங்கி வந்து, மாத்திரையை விழுங்கிவிட்டு, கடையில் ஒரு றாத்தல் பாண் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஏறுவார். தோட்டத்தில் கேட்டால் பாண் வாங்கப் போனேன் என்பார். அவருக்குக் காசநோய் என்பது அவர் சம்சாரம் லெட்சுமி ஒருவருக்குத்தான் தெரியும்.

இரண்டு மாதம் தவறாமல் வந்த மனிதர் அவர். சளிச் சோதனை நெகட்டிவ் ஆகிவிட்டது. உடம்பும் தேறிவிட்டது. கிளினிக்கில் எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும். அப்படிப்பட்டவர் நின்றுவிட்டார் என்றதும் பயந்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. நான் வேலைக்கு வந்த புதிதில், டவுனில் ஒரு கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடும்பத்தோடு இருந்த ஓர் அக்காவைத் தேடிப் போனேன். ஏன் மருந்தை விட்டீர்கள் என்று கேட்டேன்.

"தம்பி, அந்த மாத்திரையப் போட்டா பசி எடுக்குது. பசிச்சா புள்ளைங்க சோத்துல கை வைக்கணும். இருமலக்கூடத் தாங்கிக்கலாம் தம்பி, பசியத் தாங்க ஏலாது."

நோய் குணமாகும்போது பசி வரும். அது நல்ல அறிகுறி. அவருக்கோ அதுவே பயமாகிவிட்டது. நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. சில மாதங்களில் இறந்துபோனார். அந்த நேரம் எங்கள் மருந்து அலுமாரி நிறைய மருந்து இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

செல்லையா அண்ணனும் அப்படிப் போய்விடக் கூடாது என்று, வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

2. பொட்டலில் நடந்த வழக்கு

றோட்டில் இறங்கித் தேயிலை மலையில் ஏறும்போதே தப்பு மேளச் சத்தம் கேட்டது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். லெட்சுமி அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மாவுக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஐயோ தம்பி, சத்தமா பேசாதீங்க. பக்கத்துக் காம்பராவுல கேட்டா நீங்க யாருன்னு சொல்றது?"

"கண்டியில இருந்து சொந்தக்காரன்னு சொல்லுங்க அக்கா. அண்ணன் எங்க?"

"காமன் பொட்டல்ல. இந்த வருசம் அவருதான் மதன்."

காமன் கூத்து தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறேன். மாசி மாதத்தில் தோட்டத்தின் நடுவே ஒரு பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். மன்மதனாக ஒருவரும் ரதியாக ஒருவரும் வேஷம் கட்டி, லயம் லயமாக ஆடி வருவார்கள். ரதியும் ஆண்தான். கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணால் மதனை எரிப்பார். ரதி அழுது புரண்டு கேட்க, மதன் உயிர்த்து எழுவார். வேஷக்காரர்கள் விரதம் இருப்பார்கள். மச்சம் மாமிசம் கூடாது, சாராயம் கூடாது.

"சரி அக்கா, கூத்து ஆடட்டும். காலையில கீழ வந்து மாத்திரையப் போட்டுட்டுப் போகலாமே?"

லெட்சுமி அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்னா தம்பி பேசுறீங்க? காப்புக் கட்டியாச்சில்ல? காப்புக் கட்டினவரு தோட்டத்து எல்லையத் தாண்டலாமா?"

அப்போதுதான் விளங்கியது. நான் கண்டி டவுனில் வளர்ந்தவன். காப்புக் கட்டினால் எல்லை தாண்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. டிஸ்பென்சரியோ எல்லைக்கு அப்பால். வேறு யாரையாவது அனுப்பி மருந்தை எடுப்பதென்றால் நோயைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேஷம் போய்விடும். அதனால் செல்லையா வாயை மூடிக்கொண்டு மருந்தை விட்டுவிட்டார்.

பொட்டலுக்குப் போனேன். வேலை முடிந்து வந்த சனம் அங்கே கூடியிருந்தது. ஆடிக்கொண்டிருப்பார்கள் என்று போனால் அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கூத்து பழக்கும் பழனி மாஸ்டர் ஒரு வெள்ளைப் பெனியனைத் தூக்கிப் பிடித்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்கப்பா! காப்புக் கட்டுறதுக்கு முந்தி இவன் ஆடினா பெனியன் கழுத்தெல்லாம் செம்மஞ்சளா வேர்த்துச்சா இல்லையா? எல்லாரும் கண்ணால பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தோம் மாஸ்டர்! சாமி எறங்கியிருக்குன்னு நாங்கதானே சூடம் கொளுத்தினோம்!" என்றார் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்.

"இப்ப பாருங்க. வெள்ளை வெளேர்னு இருக்கு. சாமி போயிருச்சு. ஏன் போச்சு?" மாஸ்டர் செல்லையாவின் பக்கம் திரும்பினார். "டேய், உண்மையச் சொல்லு. சாராயம் குடிச்சியா? கருவாடு தின்னியா? விரதத்த எங்க முறிச்ச?"

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் திகில். எங்கள் மருந்தில் ஒரு சிவப்பு மாத்திரை இருக்கிறது. அதை விழுங்கினால் சிறுநீர், கண்ணீர், வியர்வை எல்லாமே செம்மஞ்சளாகும். முதல் முறை பார்க்கிறவர்கள் இரத்தம் என்று அலறுவார்கள். இந்தச் சனம் அதைச் சாமி என்று கும்பிட்டிருக்கிறது! மாத்திரையை விட்டதும் நிறம் போய்விட்டது. பெனியன் வெள்ளையானது எதனால் என்று அந்தப் பொட்டலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். எனக்கும் அவருக்கும்.

ஆனால் நான் வாய் திறக்க முடியாது. நோயாளி சம்மதிக்காமல் அவர் நோயை வெளியே சொல்லக் கூடாது. அது எங்கள் வேலையின் முதல் விதி. செல்லையா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"சொல்லுடா! சொல்லலேன்னா இப்பவே காப்ப அவுத்துட்டு வேற ஆளுக்கு வேஷத்தக் கட்டுறேன்."

பொய்யாகச் சாராயம் குடித்தேன் என்றால் விரதம் முறித்தவன் என்ற பெயர். உண்மையைச் சொன்னால் சயரோகக்காரன் என்ற பெயர். இரண்டிலும் வேஷம் போகும் என்றுதான் அவர் நினைத்திருப்பார். மாஸ்டர் கையிலிருந்த பெனியனை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு நிமிர்ந்தார்.

"மாஸ்டர், நான் வெரதத்த முறிக்கல. காமன் மேல சத்தியம். நான் விட்டது மாத்திரைய. எனக்கு நெஞ்சுல சயரோகம். அந்த மஞ்ச வேர்வை சாமி இல்ல, கண்டி கிளினிக் மருந்து. இந்தா நிக்கிறாரே, இவரு அங்கருந்துதான் என்னத் தேடி வந்திருக்காரு."

தப்புக்காரர் தப்பைக் கீழே வைத்தார். முன்னால் நின்ற இரண்டு மூன்று பேர் பின்னால் நகர்ந்தார்கள். ஒரு தாய் பிள்ளையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். செல்லையா அதைப் பார்த்துவிட்டுத் தன் கையிலிருந்த காப்பைத் தொட்டார், அவிழ்க்கப் போகிறவர் போல.

3. ரதியின் சண்டை

அந்த நேரம் ரதி முன்னால் வந்தார். ரதி என்றால் ஆறுமுகம். தேயிலைத் தூள் செய்யும் ஸ்டோரில் கொழுந்து அரைக்கிறவர். நல்ல கறுத்த, உயர்ந்த ஆள். வேஷத்துக்காக மீசையை மழித்திருந்தார். ஒத்திகை என்பதால் கட்டியிருந்த சாரத்துக்கு மேலேயே ஒரு பழைய சேலையைச் சுற்றியிருந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு செல்லையாவின் முன்னால் நின்றார்.

"ஏன்யா, நீயெல்லாம் ஒரு புருசனா? பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

யாரோ ஒருவர் 'புளுக்' என்று சிரித்தார்.

"என்னா சிரிப்பு? நான் இவனுக்காகத்தானே கடைசி நாளு மண்ணுல பொரண்டு அழப்போறேன்? சிவன் எரிச்சா எரிக்கட்டும், அது கூத்து. அதுக்கு முந்தி இவனாச் செத்துப்போனா நான் யாருக்குய்யா அழுவுறது? மீசைய வேற எடுத்துட்டேன்!"

பொட்டலே சிரித்தது. பின்னால் நகர்ந்தவர்களும் சிரித்தார்கள். செல்லையா காப்பிலிருந்து கையை எடுத்தார்.

ஆனால் ஒரு பெரியவர் கேட்கவேண்டியதைக் கேட்டார். "சிரிக்கிறது சரி. எங்களுக்குத் தொத்துமா, தொத்தாதா? அதச் சொல்லுங்க தம்பி."

செல்லையா எனக்குத் தலையாட்டினார். அதன் பிறகுதான் பேசினேன். மருந்து எடுத்ததால் அவருடைய சளியில் கிருமி இல்லை என்று சோதனையில் வந்துவிட்டது. ஆனால் கிருமி உள்ளே ஒளிந்திருக்கும். மருந்தை இடையில் விட்டால் மறுபடி கிளம்பும். அப்போது அவருக்கும் ஆபத்து, மற்றவர்களுக்கும் தொற்றும். இன்றைக்கே சளி எடுத்துக்கொண்டு போய் மறுபடி சோதிப்போம். வேறு யாருக்காவது இருமல் நிற்காமல் இருந்தால் அவர்களும் சளி கொடுக்கலாம், காசு இல்லை. இவ்வளவும் சொல்லி, பையிலிருந்து சளிப் போத்தல்களை எடுத்து நீட்டினேன். செல்லையா ஒன்றை வாங்கினார். வேறு ஒரு கையும் நீளவில்லை.

பழனி மாஸ்டர் யோசித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு வேறு ஒரு சந்தேகம்.

"தம்பி, இவன் வெளக்கு வைக்கிற மட்டும் ஒண்ணும் சாப்பிடக் கூடாது. மாத்திரைய எப்பிடிப் போடுறது? சாப்பாட்டுக்குப் பொறகா?"

"இல்ல மாஸ்டர். காலையில வெறும் வயித்துலதான் போடணும்."

"வெறும் வயித்துலயா?" மாஸ்டர் தொடையில் தட்டினார். "அப்ப இது வெரதத்துக்குன்னே செஞ்ச மருந்துய்யா! இத இவ்வளவு நாளா ஒளிச்சு வச்சிருக்கான் பாரு, முட்டாப்பய! காப்பு கையிலயே இருக்கட்டும். மாத்திரை தோட்டத்துக்கு வர ஒரு வழி சொல்லுங்க தம்பி."

"மாத்திரை போட்டதும் பசிக்கும் மாஸ்டர். அதையும் பாக்கணும்" என்றேன்.

"பசிச்சா தண்ணி குடிக்கலாம், எளனி குடிக்கலாம், பால் குடிக்கலாம். வெளக்கு வச்சதுக்குப் பொறகு வயிறு நெறையத் திங்கட்டும். மதனுக்குச் சோறு போடாத லயம் இருக்கா இந்தத் தோட்டத்துல?"

ஓர் ஏழைக் காசநோயாளிக்கு ஒரு லயமும் கூப்பிட்டுச் சோறு போட்டிருக்காது. மதனுக்குப் போடும். அந்த வித்தியாசத்தை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

4. காப்பு யாருக்கு?

கிளினிக்கில் எங்கள் டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். கண்டிப்பானவர். எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்துத் தொடக்கத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெனியன் கதை வந்த இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஓம், நான் இத்தனை வருசமா அந்த மாத்திரை எழுதுறன். ஒருத்தரும் எனக்குச் சூடம் கொளுத்தேல்லை" என்றார். பிறகு முகம் மாறியது. "சோதனை முடிவு வரட்டும். நெகட்டிவ் எண்டா ஆடலாம். ஆனா இனி ஒரு நாளும் மருந்து தப்பக் கூடாது."

"அவர் எல்லை தாண்ட மாட்டார் டொக்டர். காப்புக் கட்டியிருக்கு."

"காப்பு அவருக்குத்தானே கட்டியிருக்கு? உமக்குக் கட்டேல்லையே. நீர் போம்."

முடிவு நெகட்டிவ். அந்த நாளிலிருந்து கூத்து முடியும் மட்டும் டிஸ்பென்சரியில் மாத்திரையை வாங்கிக்கொண்டு நான்தான் மலை ஏறினேன். முதல் பஸ்ஸில் போவேன். கொண்டக்டர் என்னைக் கண்டால், "மஹத்தயா, அதத் காமன் கோவிலடத?" என்று சிங்களத்தில் கேட்பார். இன்றைக்கும் காமன் கோயிலுக்கா என்று அர்த்தம். ஆமாம் என்பேன். பொய் இல்லையே.

பழனி மாஸ்டர் மருந்து குடிப்பதையும் ஒரு சடங்காக்கிவிட்டார். பெரட்டுக்கு முன்னால் செல்லையா குளித்துவிட்டுக் காமன் கம்பத்துக்கு முன்னால் வந்து நிற்பார். தப்புக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். நான் மாத்திரையைக் கையில் வைப்பேன். விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டுவார். முதலில் எனக்கு, பிறகு ஆறுமுகத்துக்கு.

"இன்னும் நல்லா தொற. நாக்க தூக்கு. ம்ம். இன்னிக்கு நான் விதவையில்ல" என்பார் ஆறுமுகம். தினமும் அதே வசனம்தான். தினமும் சனம் சிரிக்கும்.

முதல் நாள் செல்லையா வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். போகப் போக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். பெனியன் கழுத்தும் மறுபடி செம்மஞ்சளானது. காரணம் தெரிந்த பிறகும் அந்தக் கொழுந்துக்காரப் பெண் சூடம் கொளுத்துவதை விடவில்லை. ஏன் அக்கா என்று கேட்டேன்.

"மாத்திரைய யாரு உண்டாக்கினது? அதுவும் சாமிதான். நீங்க ஒங்க வேலையப் பாருங்க தம்பி" என்றார். நான் என் வேலையைப் பார்த்தேன்.

லெட்சுமி அக்கா ஒரு நாள் ஒரு தகரக் கோப்பையைக் கொண்டுவந்து எனக்குப் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணி தந்தார். அது அண்ணனுக்கென்று தனியாக ஒளித்து வைத்திருந்த கோப்பையாம். இனி வீட்டில் தனிக் கோப்பை இல்லை என்று சொல்லிச் சிரித்தார். குடித்தேன். சீனி கூடுதலாகப் போட்டிருந்தார்.

5. கூத்து முடிந்த அன்று

மதனை எழுப்புகிற அன்று பகலிலும் போயிருந்தேன். எரிந்த சாம்பல் பொட்டலின் நடுவே கிடந்தது. செல்லையா வெள்ளைத் துணியால் மூடிப் படுத்திருந்தார். ஆறுமுகம் தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி பாடினார். பகடி பேசுகிற ஆளா இவர் என்று இருந்தது. குரல் உடைந்து உடைந்து வந்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மதன் எழுந்ததும் தப்பு முழங்க, சனம் கூச்சல் போட்டது. காப்பை அவிழ்த்தார்கள். நாளையிலிருந்து செல்லையா பழையபடி டிஸ்பென்சரிக்கு வருவார். இந்த முறை பாண் வாங்கப் போகிறேன் என்ற சாட்டு வேண்டியதில்லை.

நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது இளந்தாரிகள் சிலர் வழி மறித்தார்கள்.

"அண்ணே, எங்களுக்கும் அந்தச் செவப்பு மாத்திரை ரெண்டு குடுங்கண்ணே. அடுத்த வருசம் நாங்களும் மஞ்சளா வேர்க்கணும்!"

"முதல்ல சளி குடுங்கடா, பாத்துட்டுத் தாறேன்" என்று நானும் பகடி பேசி அனுப்பினேன். சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்திருக்கிறார். ஆறுமுகம். சேலை இன்னும் இடுப்பில் இருந்தது. கண் மை கன்னத்தில் வழிந்து காய்ந்திருந்தது.

"அந்தப் போத்தல் இருக்கா தம்பி? சளிப் போத்தல்?"

பகடி என்று நினைத்து அவர் முகத்தைப் பார்த்தேன். பகடி இல்லை.

"ஒப்பாரி பாடிப் பாடித் தொண்டை கட்டிருச்சுன்னு ஊருக்குச் சொல்லி வச்சிருக்கேன். தொண்டை இல்ல தம்பி. கார்த்திகையில இருந்தே இருமல். ராவுல வேர்க்குது. அன்னிக்கு நீங்க போத்தல நீட்டினப்ப கையத் தூக்க வரல. அவன் எல்லாருக்கும் முன்னால சொன்னான். எனக்கு அது வரல."

பையைத் திறந்தேன். போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு என் கையையும் சேர்த்துப் பிடித்தார்.

"ஒண்ணே ஒண்ணு. சோதனையில இருக்குன்னு வந்தா, செல்லையாவால வந்துச்சுன்னு யாரும் பேசக் கூடாது. அவன் எனக்குக் குடுத்தானா, நான் அவனுக்குக் குடுத்தேனா, யாருக்குத் தெரியும்? புருசன் பொண்டாட்டிக்குள்ள அந்தக் கணக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார்.

சோதனையில் அவருக்கும் நோய் இருந்தது. அதை மலை ஏறிப் போய் நானே சொன்னேன். செல்லையாவுக்கு அதை ஆறுமுகமே சொல்லிக்கொண்டார். அடுத்த நாள் காலை டிஸ்பென்சரிக்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். மாதக்கணக்காக அப்படித்தான். செல்லையாவுக்கு மருந்து முடிந்த பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை. ஆறுமுகம் விழுங்கும்போது பக்கத்தில் நின்று, "நாக்க தூக்குடி" என்பார். மருந்து கொடுப்பவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு பெரும் பாடு. ஆறுமுகமும் குணமானார். மீசையை மறுபடி வளர்த்துக்கொண்டார். அந்தத் தோட்டத்திலிருந்து அதற்குப் பிறகு எனக்கு ஒரு டிஃபோல்டரும் இல்லை. இருமல் வந்தால் அவர்களே இறங்கி வந்தார்கள்.

பிள்ளைகளே, அந்த மாசி மாதம் வரை நான் டிஃபோல்டர் வீட்டுக்குப் போனால், "ஏன் வரல?" என்று அதட்டித்தான் கேட்பேன். அதன் பிறகு, "எது உங்கள வர விடாம வச்சிருக்கு?" என்று கேட்கப் பழகினேன். ஒருவருக்குப் பசி இருக்கும். ஒருவருக்கு அரை நாள் கூலியான அரைப் பேர் போய்விடும் என்ற பயம் இருக்கும். ஒருவருக்கு வெட்கம். ஒருவருக்குக் கையில் காப்பு. கிருமிக்கு மருந்து அலுமாரியில் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் மருந்து பக்கத்தில் இருக்கிற மனுசர்தான். இந்த நோயில் செத்துப்போனவர்களை நான் பார்த்த அளவில், அவர்கள் முதலில் தனியாகிப் போனார்கள். சாவு அதற்குப் பிறகுதான் வந்தது.

அதனால் உங்கள் வகுப்பிலோ வேலைத்தலத்திலோ ஒருவர் நிற்காமல் இருமினால் கதிரையை நகர்த்திப் போட்டுக்கொண்டு தள்ளி உட்காராதீர்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கிளினிக் எந்தப் பக்கம் என்று கேட்டறிந்து, அவரோடு கூடவே நீங்களும் பஸ் ஏறுங்கள்.